வலி இல்லை என்றால் நலம் என்று அர்த்தமில்லை



போன வாரம் கல்யாண வீட்டில் நான் கம்பு ஊன்றி நடந்ததைப் பார்த்து ஆளாளுக்கு விசாரித்தீர்கள். தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை. கொஞ்சம் கோபமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்கூட்டரில் இருந்து விழுந்து என் கணுக்கால் உடைந்தது பழைய பிள்ளைகளுக்கு நினைவிருக்கும். அது பின்னாளில் மூட்டுத் தேய்மானமாகி, 9 ஆண்டுகளுக்கு முன் செயற்கை மூட்டு வைத்தார்கள். "வலி வந்தா வாங்க சார்" என்று அனுப்பினார்கள். வலி வரவில்லை. நானும் போகவில்லை.

இந்த வருடம் லேசாக ஒரு குத்தல். படம் எடுத்தால், மூட்டைச் சுற்றி எலும்பில் ஓட்டைகள். சி.டி. ஸ்கேனில் அவை இன்னும் பெரிதாகத் தெரிந்தன. வெளியே சுவர் நன்றாக இருக்க, உள்ளே கரையான் தின்ற கதவு நிலை மாதிரி.

காரணம் இதுதான். இரண்டு உலோகத் துண்டுகளுக்கு நடுவே பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக் இருக்கிறது. நடக்கும்போது உடல் எடையைப் போல் பல மடங்கு பாரம் அந்தச் சின்ன மூட்டின் மேல் இறங்குகிறது. பிளாஸ்டிக் தேய்ந்து, கண்ணுக்குத் தெரியாத தூள் உதிர்கிறது. உடலின் காவல் செல்கள் அதை விழுங்குகின்றன, செரிக்க முடிவதில்லை. அவை கிளப்பும் கலவரத்தில் எலும்பைக் கரைக்கும் செல்கள் வேலையைத் தொடங்குகின்றன. பல பேருக்கு, மூட்டு ஆட்டம் காணும்வரை வலியே இருக்காது. அப்படியிருக்க, "வலி வந்தா வாங்க" என்பது என்ன அறிவுரை?

புதிய டாக்டர் கேட்டார்: "எந்த கம்பெனி மூட்டு? என்ன சைஸ்? ஸ்டிக்கர் இருக்கா?" என்னிடம் இல்லை. அறுவை செய்த மருத்துவமனையில் கேட்டால், பழைய ஃபைல் கிடைக்கவில்லையாம்.

34 வருடம் வருகைப் பதிவேடு எழுதியவன் நான். ஒரு பிள்ளை மூன்று நாள் வராவிட்டால் வீட்டுக்கு ஆள் அனுப்பியிருக்கிறேன். மனித உடம்புக்குள் வைத்த உலோகத்துக்கு ஒரு பதிவேடு கிடையாதா?

ஸ்வீடன் 1975-லேயே முழங்கால் மூட்டுக்குப் பதிவேடு தொடங்கியது. இங்கிலாந்து, வேல்ஸ் பதிவேட்டில் 2010 முதல் கணுக்காலும் சேர்ந்தது. எந்த மூட்டு சீக்கிரம் கெடுகிறது என்று அங்கே எண்ணிப் பார்க்க முடிகிறது. இங்கே? 2010-ல் ஏ.எஸ்.ஆர். இடுப்பு மூட்டு உலகம் முழுக்கத் திரும்பப் பெறப்பட்டது. இந்தியாவில் அதை வைத்துக்கொண்டவர்கள் சுமார் 4,700 பேர். அவர்களில் பெரும்பாலோரைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. 2017-ல் முழங்கால் மூட்டுக்கு விலை வரம்பு வைத்த அரசுக்கு, எல்லா மூட்டையும் கட்டாயம் பதியச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

டாக்டராக இருக்கும் என் மாணவன் ஒருவன், "இதை எழுதாதீங்க சார், ஜனங்க பயந்துடுவாங்க" என்றான். தம்பி, நான் அறுவை வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த மூட்டு எனக்குப் பல நல்ல வருடங்களைக் கொடுத்தது. வருடா வருடம் ஒரு எக்ஸ்ரே எடுத்திருந்தால், ஓட்டை சின்னதாக இருக்கும்போதே எலும்புத்தூள் வைத்து அடைக்க வாய்ப்பு இருந்திருக்கும். இப்போது என் முன்னால் இருப்பது இரண்டே வழி: பெரிய மறு அறுவை, இல்லையேல் கணுக்காலை அசையாமல் இணைத்துவிடுவது. ஜனங்களைப் பயமுறுத்துவது விவரம் அல்ல, விவரம் இல்லாததுதான்.

"அன்னைக்கே வேண்டாம்னு சொன்னேனே" என்னும் உறவுகளுக்கும் இதே பதில்தான்.

வீட்டில் யாருக்காவது செயற்கை மூட்டு இருந்தால், இன்றே டிஸ்சார்ஜ் சம்மரியையும் ஸ்டிக்கரையும் தேடி எடுத்துப் படம் பிடித்து வையுங்கள். வலி இல்லாவிட்டாலும் டாக்டர் சொல்லும் இடைவெளியில் படம் எடுங்கள். அவர் சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள். அறுவைக்குப் போகிறவர்கள், ஸ்டிக்கர் கையில் வராமல் வீட்டுக்குக் கிளம்பாதீர்கள்.

தேடி எடுத்தவர்கள் கீழே "உள்ளேன் ஐயா" என்று எழுதுங்கள். பதிவேடு எழுதி ரொம்ப நாளாயிற்று.