பிணியின் பெயரும் மனிதர் பெயரும்

மக்கள் யாக்கைக்கு நேரும் குறைகள் பல. அவற்றைச் சுட்டும் சொற்களும் நம் மொழியில் பல உள. ஆயினும், ஒரு பிணியின் பெயரைத் தெளிவாக அறியாது மயங்குதலும், பிணியின் பெயரைப் பிணியுற்றார்க்கே பெயராக்கி அழைத்தலும் நம்மிடையே நெடுங்காலமாக உள்ள இரு குற்றங்களாகும். முன்னது உயிர்க்குக் கேடு. பின்னது உள்ளத்திற்குக் கேடு.

முதற்கண் முன்னதனைக் காண்போம். பண்டை மருத்துவ நூலார் உடலை இயக்குவன வளி, அழல், ஐயம் என மூன்று என்றனர். வளியை வடமொழியாளர் வாதம் என்பர். உறுப்புகளின் அசைவு வளியின் தொழில் எனக் கருதப்பட்டமையால், அசைவு கெடும் நோய்கள் பலவும் வாதம் என்றே முடியும் பெயர்களைப் பெற்றன. பெயர் ஒருபோலிருப்பினும் நோய் ஒன்றன்று. பக்கவாதம் மூளையின் குருதிக்குழாய் அடைபடுவதாலோ வெடிப்பதாலோ வருவது. மூளையின் இடப்பாகம் பழுதுற்றால் உடலின் வலப்பாகம் செயலிழக்கும். முகவாதம் முகத்தசைகளை இயக்கும் நரம்பு தளர்வதால் வருவது. இளம்பிள்ளைவாதம் நச்சுயிரி ஒன்று தண்டுவடத்தைத் தாக்குவதால் வருவது. சொட்டு மருந்தின் பயனாக, இயற்கையில் உலவிய அந்நச்சுயிரியால் இந்நாட்டில் 2011ஆம் ஆண்டு ஜனவரித் திங்களுக்குப் பின் எவரும் முடமாகவில்லை. முடக்குவாதமும் கீல்வாதமும் மூட்டுகளைப் பற்றும் நோய்கள். கீல் என்பது மூட்டு. அதனை அறியாதாரே 'கீழ்வாதம்' என எழுதுவர்.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. "கை கால் இழுத்துக்கொண்டது, வாயுவாக இருக்கும்" என்று சொல்லி, எண்ணெய் தடவிக் காத்திருப்பார் இன்றும் உளர். குழாய் அடைப்பால் வந்த பக்கவாதத்திற்கு, அடைப்பைக் கரைக்கும் மருந்தை நான்கரை மணி நேரத்திற்குள் செலுத்துதல் வேண்டும். பெயரில் மயங்கியிருக்கும் பொழுதே அந்நேரம் கழிந்துவிடும்.

இனி, இரண்டாவது குற்றம். தொல்காப்பியத்தில் மூன்றாம் வேற்றுமையை விளக்கும் உரையாசிரியர்கள் 'கண்ணாற் கொத்தை', 'காலான் முடவன்' என எடுத்துக்காட்டுத் தருவர். கொத்தை என்பது குருடு. முடம் யாண்டு உளது என்பதைக் 'காலான்' என்னும் சொல் வரையறுத்துவிடுகிறது. குறை சினைக்கே உரியது. முதலாகிய மனிதன் முழுமையும் அதனுள் அடங்கான். உலக வழக்கோ 'காலான்' என்பதைக் கைவிட்டு, 'முடவன்' என்பதை மட்டும் பற்றிக்கொண்டது. யான் வாழும் சத்துவாச்சாரியில் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் உள்ளது. ஆங்கு மனுவோடு வருவாருள் ஒருவரை, "அதோ, அந்த நொண்டி" எனத் தெருவில் நிற்பார் சுட்டக் கேட்கிறோம். அவர் உழவரா, தையற்காரரா, கற்றவரா என்பது அச்சொல்லில் மறைந்தே போகின்றது.

நம் முன்னோரும் இதில் குறையற்றவர் அல்லர். புறநானூற்றின் 28ஆம் பாட்டு மக்கட் பிறப்பின் எண்வகைக் குறைகளைத் தொகுத்து, அப்பிறப்புகளாற் பயனில்லை என்னும் கருத்தைக் கூறுகின்றது. பழமை பற்றி அப்பாட்டைப் போற்றுவோம், அக்கருத்தை ஏற்கவேண்டுவதில்லை. உடற்குறையுடையார் பயன்படார் என்பதை வேலூரே பொய்யாக்கியுள்ளது. இங்குள்ள கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய மருத்துவர் மேரி வர்கீஸ், 1954ஆம் ஆண்டு நேர்ந்த ஊர்தி விபத்தில் தண்டுவடம் பழுதுற்று, இடுப்பின் கீழ் உணர்வும் அசைவும் இழந்தார். எனினும் தொழிலைத் துறந்தாரல்லர். சக்கர நாற்காலியில் அமர்ந்தே, தொழுநோயால் மடங்கிப்போன கைகளை அறுவை செய்து சீராக்கினார். பின்னர் அமெரிக்கா சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். பாகாயத்தில் 1966ஆம் ஆண்டு அமைந்த மறுவாழ்வு நிலையம் அவர்தம் உழைப்பின் பயன். அரசு 1972இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. இத்தகையாரை எப்பெயரால் அழைப்பது? மருத்துவர் என்பதன்றி வேறு பெயர் பொருந்துமோ?

தமிழக அரசு 2010ஆம் ஆண்டு முதல் 'ஊனமுற்றோர்' என்னும் சொல்லை நீக்கி, 'மாற்றுத்திறனாளிகள்' என்னும் சொல்லை ஆண்டு வருகிறது. சொல்லை மாற்றினால் கால் நடக்குமோ என வினவுவார் உளர். கால் நடவாது, மெய்யே. ஆனால் நொண்டி என்று கேட்டு வளரும் பிள்ளை பள்ளிக்குச் செல்லவே நாணி வீட்டில் முடங்கும். கால் செய்யாத முடக்கத்தைச் சொல் செய்துவிடும். ஆதலின் சொல்லை மாற்றுதல் வேண்டும். அதனோடு நில்லாது, படிக்கட்டின் அருகே சரிவுப் பாதையும் அமைத்தல் வேண்டும். 2016ஆம் ஆண்டுச் சட்டம் இருபத்தொரு வகைக் குறைகளை வரையறுத்து உரிமைகளை வகுத்துள்ளது. நற்சொல் மட்டும் ஈந்து வழியை அடைத்து வைப்பது நகையாடலாகும்.

மாணவர்களே! நோயைக் கூறும்பொழுது அதன் பெயரைத் திருத்தமாகக் கூறுங்கள். மருத்துவர்க்கு அது வழிகாட்டும். மனிதரை அழைக்கும்பொழுது அவர்தம் பெற்றோர் இட்ட பெயரால் அழையுங்கள். உங்கள் வகுப்பில் ஊன்றுகோலோடு வரும் தோழன் ஒருவன் இருப்பின், அவனுக்கும் ஒரு பெயர் உண்டு. வருகைப் பதிவேட்டில் ஆசிரியர் நாள்தோறும் படிப்பது அப்பெயரையே.