தீயணைப்பு வண்டி வருமுன்

சித்திரையிலும் வைகாசியிலும் கூரைக் கீற்றெல்லாம் சருகாய்க் காய்ந்து, உச்சிவேளைக் காற்றும் உரத்து வீசுகிற நாட்களில், ஒரு குடிசையில் பற்றிய நெருப்பு ஒரு தெருவையே சாம்பலாக்கிவிடுவதற்குக் காரணம் விதியன்று. வீடுகளை நெருக்கிக் கட்டவும், அடுப்பங்கரைக்கு அருகிலேயே வைக்கோற்போர் போடவும் இடங்கொடுத்த நமது யோசனையின்மையே என்பது என் திடமான அபிப்பிராயம். தீயணைப்பு நிலையமோ பெரும்பாலும் தாலுகாவின் தலைமை ஊரில் இருக்கிறது. 101-ஐ அழைத்த மாத்திரத்தில் வண்டி புறப்பட்டாலும், பல மைல் கடந்து அது வருவதற்குள் ஓலைக்கூரை எரிந்து விழுந்துவிடும். வந்த வண்டியும் சந்தின் முனையிலேயே நின்றுவிடுமானால் அதனால் என்ன பிரயோஜனம்? ஆகவே ஊராட்சியின் பிரதான கடமை, வண்டி நுழையும் அகலத்துக்குத் தெருவை ஆக்கிரமிப்பின்றிக் காப்பதும், கோடையிலும் வற்றாத ஒரு குளத்தின் கரைவரை அது சென்று நீர் எடுக்கப் பாதை அமைப்பதுமே ஆகும். வைக்கோற்போரைக் களத்துக்கு அப்புறப்படுத்துவதற்குப் பணம் வேண்டியதில்லை. மனம் இருந்தால் போதும். 2004 ஜூலை 16-ஆம் தேதி கும்பகோணத்துப் பள்ளி ஒன்றில், மதிய உணவு சமைத்த அடுப்பின் நெருப்பு கீற்றுக் கூரையில் பற்றி 94 குழந்தைகளை மாய்த்த பிறகே பள்ளிக் கூரைகளை மாற்ற அரசாங்கம் முனைந்தது. குழந்தைகள் இரவில் உறங்குகிற குடிசைகளுக்கும் அத்தகைய சோகம் நேர்ந்த பின்புதான் சிரத்தை பிறக்க வேண்டுமா? ஜனவரி 26-ஆம் தேதி கூடுகிற கிராமசபையில் இதை விவாதித்துத் தீர்மானம் செய்தால், பங்குனி வெயிலுக்கு முன்பே வேலையை முடித்துவிடலாம்.