தரங்கம்பாடி தரும் பாடம்



விடுமுறைக்குத் தாயகம் செல்லும் நம் குடும்பங்களுட் பல, சென்னைக் கடற்கரையைக் குழந்தைகளுக்குக் காட்டிய அளவில் நிறைவு கொள்கின்றன. இத்திங்கள் வேறொரு கடற்கரையை நினைவூட்ட விழைகிறேன். மயிலாடுதுறையில் இரயிலை விட்டிறங்கிப் பேருந்தில் சுமார் 30 கிலோமீட்டர் சென்றால் தரங்கம்பாடி வந்துவிடும்.

தரங்கம் என்றால் அலை. பெயரிலேயே கடலைத் தாங்கிய இச்சிற்றூரில் ஆரவாரம் இல்லை. 1792-ஆம் ஆண்டின் நகரவாயிலைக் கடந்தால் ஒரு நேர்வீதி, இருபுறமும் பழைய மனைகள், தேவாலயங்கள், கடலோரத்தில் கோட்டை. அரை நாழிகை நடையில் பல நூற்றாண்டுகளைப் பார்த்துவிடலாம்.

தஞ்சை இரகுநாத நாயக்கரின் இசைவு பெற்று 1620-இல் டேனியர் இங்கே குடியேறிக் கோட்டை கட்டினர். 1845-இல் இவ்வூரையும் வங்காளத்துச் சீராம்பூரையும் 12½ லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுச் சென்றனர். 1861-இல் நாகப்பட்டினத்திற்கு இரயில் வந்தது. வணிகமும் அப்பக்கம் திரும்பிற்று. தரங்கம்பாடிக்கு இரயில் வந்தது 1926-இல்தான். 1986-இல் அதுவும் நின்றது. எம் இரயில்வே இலாகாவின் கணக்கில் இவ்வூருக்கு வாய்த்த வாழ்வு 60 ஆண்டே! பாண்டியர் காலத்து மாசிலாமணிநாதர் கோயிலின் பெரும்பகுதியைக் கடல் கொண்டது. 2004 டிசம்பர் 26-இல் வந்த ஆழிப்பேரலை மீனவர் குடும்பங்களைக் கலங்கடித்தது.

ஆட்சி போயிற்று, வணிகம் போயிற்று, வண்டியும் போயிற்று. போகாதது ஒன்றுண்டு.

1706-இல் சீகன்பால்கு என்னும் ஜெர்மானியப் பாதிரியார் இக்கரையில் இறங்கினார். அப்போது அவருக்கு 24 வயதுகூட நிரம்பவில்லை. சிறுவர்களுடன் மணலில் அமர்ந்து, விரலால் எழுதியே தமிழ் பயின்றார். தமிழ் எழுத்து 1578-இலேயே கொல்லத்தில் அச்சேறியிருந்தது உண்மை. ஆயினும், தரங்கம்பாடியில் அச்சுக்கூடம் நிறுவி, அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாட்டை 1715-இல் தமிழில் அச்சிட்டு முடித்தனர். 1719-இல் மறைந்த அவர், தாம் எழுப்பிய புதிய எருசலேம் ஆலயத்திலேயே அடக்கமானார். அவர் சமயம் நம்முடையதாயினும் அன்றாயினும், அவர் கற்ற எழுத்து நம்முடையது.

கச்சிபௌலியில் பாறைகள் இருந்த இடத்தில் இன்று மாடங்கள் வானளாவ நிற்கின்றன. நம் பிள்ளைகள் தெலுங்கு, இந்தி, ஆங்கிலம் மூன்றையும் சரளமாகப் பேசுகின்றனர், மகிழ்ச்சியே. வீட்டில் தமிழும் பேசுகின்றனர். ஆனால் மயிலாடுதுறைப் பேருந்தின் பெயர்ப்பலகையை அவர்களுள் எத்தனை பேர் தாமே படிப்பர்? அயல்நாட்டார் ஒருவர் மணலில் எழுதிக் கற்றதை நம் இல்லத்துப் பிள்ளைகள் இழக்கலாமா?

அடுத்த விடுமுறைக்குள் நாள்தோறும் கால்மணி நேரம் ஒதுக்குங்கள். தட்டிற் பரப்பிய அரிசியில் விரல்பிடித்து எழுத்தைக் கற்பியுங்கள். பின்னர்த் தரங்கம்பாடிக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்குள்ள தமிழ்ப் பலகைகளை அவர்களே நமக்குப் படித்துக் காட்டட்டும்.