கூலிக்கு வந்த கை

கொடகவெலப் பகுதித் தோட்டமொன்றின் லயத்திலே, எண்பதை எட்டிய மூதாட்டி ஒருவரை அண்மையிற் கண்டோம். ஆயுளெல்லாம் கொழுந்து பறித்தவர். இன்று கைத்தடியின்றி வாசற்படி இறங்க இயலாதவர். மகன் கொழும்பிலே கணக்காளர். பயிற்சி பெற்ற பெண்ணொருத்தியைச் சம்பளத்துக்கு அமர்த்த அவர் முன்வந்தார். "காசுக்கு வந்தவ கையால நான் கஞ்சி குடிக்கணுமா? அதுக்கு மகன் எதுக்கு?" என்றார் தாய்.

இதனைக் கிழவியின் பிடிவாதமென்று தள்ளிவிட நாம் ஆயத்தமாயில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவிலே, அடுத்த வீட்டார் காது கேட்க, அந்நியர் முன் உடை மாற்ற எவர்தாம் கூசார்? பிள்ளை கைவிட்டான் என்று லயமே பேசுமே என்னும் கவலை வேறு. பிள்ளைகள் கடல்கடந்துவிட்ட வடபுலத்துக் கமக்காரர் வீடுகளிலும் இதே பேச்சுத்தான்.

2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பெற்றோரைப் பராமரித்தல் பிள்ளைகளின் கடமையென விதிக்கின்றது. தவறினால் பராமரிப்புச் சபையிடம் முறையிடலாம். ஆயின் எச்சபையும் பணத்தைப் பெற்றுத் தருமேயன்றித் தாயின் சம்மதத்தைப் பெற்றுத் தராது. சட்டம் பயின்ற நாம் இதைச் சொல்ல வெட்கப்படவில்லை.

பெரியோர்களே, ஒன்று கேட்கின்றோம். விடியுமுன் பெரட்டுக்கு ஓடிய காலத்தில் பால்மணம் மாறாக் குழந்தையை எவரிடம் விட்டுச் சென்றீர்கள்? பிள்ளைமடுவத்து ஆயாவிடம் அன்றோ! அவளும் சம்பளம் பெற்றவளே. அதனால் நீங்கள் பிள்ளையைக் கைவிட்டவர்கள் ஆனீர்களா? கூலிக்கு உழைத்தே இந்நாட்டுக்குச் செல்வம் சேர்த்த சமூகம், கூலி வாங்கும் கையை இழிவாக நோக்கலாமோ?

மகனும் இதையே சொன்னார், உடனே பலிக்கவில்லை. தூரத்து உறவுக்காரி என்று பொய்சொல்லி அழைத்துவா என அயலார் யோசனை கூறினர். அவர் மறுத்தார், நன்று செய்தார். உண்மை வெளிப்படும் நாளில் தாய் மகனையும் நம்பமாட்டார். சில வாரங்களின் பின் தாயே நிபந்தனைகள் விதித்தார்: காலையில் மட்டும் வரவேண்டும்; தமிழ் பேசவேண்டும்; முதல் மாதம் குளிப்பாட்டுதல் ஆகாது; சம்பளத்தைத் தாமே கொடுப்பார். பணம் மகனுடையதே, ஆனால் எண்ணிக் கொடுப்பது தாயின் கை. வந்தவளுக்கு எசமானி தாமே என்றானபின் கஞ்சிக் கோப்பையை மறுக்கவில்லை.

தேசிய முதியோர் செயலகம் இல்லப் பராமரிப்பு உதவியாளர்களைப் பயிற்றுவிக்கின்றது. தமிழோ 1987 முதல் அரசகரும மொழி. சபரகமுவத் தோட்ட யுவதிகளுக்கு அப்பயிற்சி இரத்தினபுரியிலேயே, தமிழிலேயே கிடைத்தல் வேண்டும். வலி எங்கே என்பதை எண்பது வயதிலே அயல்மொழியில் சொல்லப் பழக முடியுமா? தோட்டத் தொழிற்சங்கங்கள் இதனை மனுவாக்கி மாவட்டச் செயலகத்துக்குக் கொண்டு செல்லட்டும். அமர்த்தப்படும் பெண்ணின் சம்பளம், வேலைநேரம், விடுமுறை மூன்றும் எழுத்திலே இருத்தல் வேண்டும் என்பதையும் அம்மனுவிலே சேர்க்குமாறு கோருகின்றோம்.