படிப்பு ஏறாதவர்க்கென்று ஒரு வித்தையா?

"படிப்பு ஏறாட்டிக் கமராவைத் தூக்கட்டும்" என்னும் வார்த்தை, தலைமன்னார் தொடங்கிப் பேசாலை, எருக்கலம்பிட்டி வழியாகப் பாலத்தைக் கடந்து, வங்காலை, முருங்கன், சிலாவத்துறை வரையிலும், சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறு வெளியாகும் காலத்திலெல்லாம் பெற்றோர் வாயிலும், சில வேளைகளில் ஆசிரியர் வாயிலுங்கூட, மிக இயல்பாகப் புழங்கி வருகிறது. அதைச் சொல்கிறவர்கள் தீய எண்ணத்தோடு சொல்வதில்லை. பிள்ளை வீணாகிவிடக் கூடாதே என்ற இரக்கமே அவர்களை அப்படிப் பேசவைக்கிறது. ஆயினும் அந்த இரக்கத்துக்கு அடியில் கிடக்கும் நம்பிக்கை பொய்யானது. ஒளிப்பதிவு என்பது அறிவுக்கு வேலையில்லாத கைவேலை என்றும், பரீட்சையில் தோற்றவனை இறக்கிவிடத் தக்க கடைசித் தரிப்பிடம் என்றும் கொள்ளும் அந்த நம்பிக்கை, பிள்ளையை இழிவு செய்கிறது. வித்தையை இழிவு செய்கிறது. இந்த மன்னார்க் கரைக்கு இன்று மிக அவசியமான ஒரு காரியத்தைத் தகுதியுள்ளவர் கையில் சேரவிடாமல் மறித்து நிற்கிறது. ஆதலால் அதனை எதிர்த்து எழுதுகிறேன்.

இவ்வெண்ணம் நேற்று முளைத்ததன்று. 1972ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தம் தொழின்முன்னிலைப் பாடங்களை எல்லா மாணவருக்கும் பொதுவாக்கியபோது, மீனவன் மகனுக்கு மீன்பிடியையும் கமக்காரன் மகனுக்குக் கமத்தையும் போதித்து அவனை அவன் தகப்பன் நின்ற இடத்திலேயே நிறுத்திவைக்கப் பார்க்கிறார்கள் என்று பெற்றோர் ஐயுற்றார்கள். 1977இல் ஆட்சி மாறியதும் அத்திட்டம் கைவிடப்பட்டபோது அதற்காகக் கண்ணீர் விட்டவர் அதிகம் பேரில்லை. அந்த ஐயத்தில் நியாயம் இருந்தது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதிலிருந்து நம்மவர் கற்றுக்கொண்ட பாடம்தான் பிழையானது: தொழிற்பாடம் என்றாலே பின்தள்ளப்பட்டவர்க்குரியது என்ற முடிவுக்கு அவர்கள் வந்துவிட்டார்கள். 2017ஆம் ஆண்டு 13 வருட உத்தரவாதக் கல்வி என்ற பெயரில் 42 பாடசாலைகளில் தொழிற்பாடப் பிரிவு தொடங்கப்பட்டபோது, சாதாரண தரப் பெறுபேறு எதுவாயினும் சேரலாம் என்ற அதன் விதி, சித்தியெய்தியவர்க்கும் திறந்த வாசல் என்று பொருள்படாமல், சித்தியெய்தாதவர்க்கான வாசல் என்றே ஊர்களில் விளங்கிக்கொள்ளப்பட்டது. நான்காம் மட்டத் தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் வரை கொண்டுசெல்லக்கூடிய அந்தப் பிரிவின் 26 பாடங்களில் கிராபிக் வடிவமைப்பு உண்டு. இணையத்தள வடிவமைப்பு உண்டு. நீர்வளக் கற்கையும் உண்டு. ஒளிப்பதிவுத் தயாரிப்புக்குத் தனியிடம் கொடுக்கப்படவில்லை. உயர்தரக் கலைப்பிரிவிலுள்ள தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் என்னும் பாடமோ, எழுத்துப் பரீட்சையை நோக்கியே நடத்தப்படுவது. கமராவைத் தொடாமலே அதில் மிகச் சிறந்த பெறுபேற்றைப் பெற்றுவிடலாம் என்றால், குறை மாணவரிடத்தில் இல்லை.

இனி, இவ்வித்தைக்குப் படிப்பு வேண்டாம் என்கிறவர்கள் ஓர் இரவு, மாதோட்டப் பகுதிக் கிராமமொன்றில், கோயில் முற்றத்தில் நடக்கும் நாட்டுக்கூத்தை ஒளிப்பதிவு செய்வதற்கு ஒரு மாணவியை அனுப்பிப் பார்க்கட்டும். கூட்டத்துக்குப் பின்னால், மேடையிலிருந்து ஏறத்தாழ 34 மீற்றர் தூரத்தில், அவள் கமராவை நிறுத்துகிறாள். ஒலி ஒரு வினாடியில் 340 மீற்றர் அளவே செல்லுமாதலால், மத்தளத்தில் கை விழுந்த காட்சி உடனே வந்து சேர, அந்த அடியின் ஓசை பத்தில் ஒரு வினாடி பிந்தி வருகிறது. வினாடிக்கு 25 படங்கள் பதிவாகும் முறையில் அது இரண்டரைப் படங்களின் பிசகு. பார்க்கிறவனுக்குக் காரணம் புலப்படாது. ஆனால் தாளம் காலோடு ஒட்டவில்லை என்ற உறுத்தல் மாத்திரம் படம் முடியும்வரை நீங்காது. இதை அறிந்தவள் மைக்கை மேடைக்கருகில் வைத்துத் தனியே ஒலிப்பதிவு செய்து, பின்னர்க் கணக்கிட்டுப் பொருத்துவாள். அறியாதவன் கமராவின் மைக்கையே நம்பியிருந்து, விடிந்தபின் கூத்தைப் பழக்கிய அண்ணாவியாரிடம் போய்த் திட்டு வாங்குவான். அதே முற்றத்தில் கட்டியிருக்கும் ரியூப் லைற்றுகள், நமது மின்சாரம் வினாடிக்கு 50 சுற்றாக வருவதால், வினாடிக்கு 100 முறை மங்கித் தெளிகின்றன. திரைக்கதவின் வேகத்தை ஐம்பதில் ஒரு வினாடியாக வைத்தால் படம் அமைதியாக இருக்கும், அறுபதில் ஒன்றாக வைத்தால் ராசாவின் முகத்தில் வெளிச்சம் அலையாய் ஓடும். இவையெல்லாம் பௌதிகமும் கணிதமும் அல்லாமல் வேறென்ன? பத்தாம் வகுப்பில் ஒலியின் வேகத்தை மனனம் செய்து பரீட்சைத் தாளில் எழுதி மறந்துவிட்ட பிள்ளை, அது மத்தளத்தின் ஓசையில் உயிரோடிருப்பதை முதன்முதலாக உணரும் இடம் இதுவாகத்தான் இருக்க முடியும்.

கணிதம் மட்டும் போதுமா? கரைவலை இழுப்பதைப் படம் பிடிக்கப் போகிற பையன்கள் பெரும்பாலோர், மடி கரையேறி மீன் துள்ளும் கடைசிப் பத்து நிமிடத்தையே பிடித்துக்கொண்டு வருகிறார்கள். மணிக்கணக்காக நீளும் அந்த உழைப்பில், வள்ளம் வலையை வளைத்துவிட்டுத் திரும்புவதும், கரையில் இரு பக்கத்திலும் கயிறு பிடித்தவர்கள் மெல்ல மெல்ல நெருங்கி வருவதும், அம்பாப் பாட்டின் வேகம் இழுவையோடு சேர்ந்து மாறுவதும், பாடு முடிந்தபின் சம்மாட்டியாரும் வலை இழுத்தவர்களும் பங்கு பிரிக்கும்போது எழும் வாக்குவாதமும் இல்லாவிட்டால், அந்தப் படத்தில் மீன் இருக்கும், தொழில் இராது. எதை முன்வைப்பது, எதை விடுவது, எவ்விடத்தில் வெட்டுவது என்று தீர்மானிப்பதற்கு வேண்டியது, நல்ல கட்டுரை எழுதுவதற்கு வேண்டிய அதே நியாய புத்தியும் அதே மொழியறிவுமே. கைகாரன் ஒருவனால் மாத்திரம் அது ஆகாது.

தங்களைப் பற்றித் தாங்களே சொல்லும் வாய்ப்பு இந்தக் கரையின் மக்களுக்கு வாய்த்ததேயில்லை என்பதை எண்ணும்போதுதான் என் மனம் அதிகம் கொதிக்கிறது. 1863இல் பாரிஸ் நகரத்தில் பிஸே என்னும் சங்கீத வித்துவான் இலங்கையின் முத்துக்குளிப்போரைப் பற்றி ஓர் இசை நாடகம் அரங்கேற்றினார். அவர் இந்த நாட்டைக் கண்ணால் கண்டவரல்லர். 1906இல் மரிச்சுக்கட்டியில் நடந்த முத்துக்குளிப்பில் அரசாங்க உத்தியோகத்தராகக் கடமையாற்றிய லெனாட் வுல்ப், தாம் கண்டதைப் பிற்காலத்தில் தம் சுயசரிதையில் எழுதிவைத்தார். சிப்பி அழுகிய நாற்றமும் ஆயிரக்கணக்கான ஜனங்களின் நெரிசலும் நிறைந்த அந்தப் பாளையத்தைப் பற்றி நாம் அறிவது பெரும்பாலும் அவரைப் போன்றவர்களின் வாயிலாகவே. 1925ஆம் ஆண்டோடு பழைய முறையிலான பெரும் முத்துக்குளிப்பு நின்றுபோயிற்று. தென்னிந்தியக் கரையிலிருந்தும் அரபுக் கரையிலிருந்தும் வந்து கல்லைக் காலில் கட்டிக் கடலுக்குள் இறங்கினவர்கள் தங்கள் வாயால் என்ன சொல்லியிருப்பார்களோ, அதனை இனி எவரிடம் போய்க் கேட்பது?

அந்த நஷ்டம் ஈடுசெய்ய முடியாதது. ஈடுசெய்யக்கூடியவை இன்னும் இருக்கின்றன. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மன்னார்ப் பகுதிக் கூத்துகள் சிலவற்றைத் தேடிப் பதிப்பித்தார். மூவிராசாக்கள் நாடகமும் ஞானசவுந்தரி நாடகமும் அச்சில் நமக்குக் கிடைத்தது அவருடைய சிரத்தையினால். ஏடுகளில் கிடந்த பாட்டுகள் பிழைத்தன. ஆனால் அதே பாட்டை வடபாங்கு மரபில் பாடும்போது குரல் எங்கே ஏறுகிறது, தென்பாங்கு மரபில் எங்கே இறங்குகிறது, வரவு ஆட்டத்தில் கால் எந்த அடியில் திரும்புகிறது என்பதை அச்செழுத்து சொல்லாது. அதற்குக் கமராவும் ஒலிப்பதிவுக் கருவியும் அவற்றை அறிந்து கையாளும் மனிதரும் வேண்டும். அதுவும் எழுபதைக் கடந்துவிட்ட அண்ணாவிமார் உயிரோடிருக்கும்போதே வேண்டும். கொழும்பிலிருந்து ஒரு குழு வந்து இரண்டு நாள் தங்கிச் செய்துவிடக்கூடிய வேலை இதுவன்று. அந்தக் கூத்தைப் பார்த்து வளர்ந்த பிள்ளை, அண்ணாவியாரைப் பெரியப்பா என்றழைக்கும் உரிமையுள்ள பிள்ளை, செய்ய வேண்டிய வேலை.

பதிய வேண்டியது கூத்து மட்டுமன்று. 1990 ஒக்டோபரில் எருக்கலம்பிட்டியிலிருந்தும் வடக்கின் ஏனைய ஊர்களிலிருந்தும் முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். அதனை அனுபவித்தவர்கள் திரும்பி வந்து நம்மிடையே வாழ்கிறார்கள். காணாமலாக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களை ஏந்தி ஆண்டுக்கணக்காக வீதியில் நிற்கும் தாய்மாரும் இந்த மாவட்டத்தில் இருக்கிறார்கள். அவர்கள் முன்னால் கமராவை நீட்டி, "உங்கட துயரத்தைச் சொல்லுங்கோ அம்மா" என்று கேட்பவன் அவர்களுக்கு இரண்டாம் முறை அநியாயம் செய்கிறான். முதலில் அனுமதி கேட்கவும், "அண்டைக்குக் காலமை என்ன செய்துகொண்டிருந்தீங்கள்?" என்று மெல்லத் தொடங்கவும், அழுகை வரும்போது அண்மைக் காட்சிக்கு விரையாமல் கமராவை நிறுத்தவும், பதிந்ததை அவர்களுக்கே முதலில் போட்டுக் காட்டி, வேண்டாமென்றால் அழித்துவிடவும் ஒருவன் பயிற்றப்பட வேண்டும். இது ஸ்ரூடியோவில் கிடைக்கும் பயிற்சியன்று. யூரியூப் விடியோவைப் பார்த்து வருவதுமன்று. ஒழுக்கத்தைப் பற்றிய படிப்பு இது. பதினாறு பதினேழு வயதில், ஓர் ஆசிரியரின் கண்முன்னே, தவறு செய்து திருத்தப்பட்டுக் கற்க வேண்டியது.

"கைத்தொலைபேசி எல்லார் கையிலும் இருக்கிறதே, பிறகேன் பாடசாலையில் பாடம்?" என்று கேட்பவர்களுக்கும் இதுவே விடை. பேனா எல்லார் கையிலும் இருந்தபோது நாம் தமிழ்ப் பாடத்தை நிறுத்திவிடவில்லை. கலியாண வீட்டு ஸ்ரூடியோவில் சேர்ந்து பழகிக்கொள்ளலாமே என்பவர்களோ, அங்கே ஒரு பையன் வருஷக்கணக்காக லைற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பதையும், படத்தொகுப்பு நடக்கும் கணினிக்கு அருகில் அவனை அண்டவிடாததையும் கண்டிருப்பார்கள். பெண்பிள்ளையின் நிலை இன்னும் மோசம். இரவிரவாக நடக்கும் சாமத்திய வீட்டுக்கும் கலியாண வீட்டுக்கும் கமராவோடு செல்ல எந்தத் தாய் தகப்பன் அவளை அனுப்புவார்கள்? பாடசாலை ஒன்றில்தான் அவள் அச்சமின்றி இவ்வித்தையைக் கற்கலாம். பாடசாலையும் கதவைச் சாத்தினால், தாய்மாரிடம் தாயைப் போலப் பேசக்கூடிய ஒருத்தியை இந்தத் துறை ஒருபோதும் பெறாது.

செலவைப் பற்றிச் சொல்லப்படும் ஆட்சேபத்தை மாத்திரம் நான் மதிக்கிறேன். நாற்பது பிள்ளைகளுக்கு ஒரு கமரா என்று வைத்துப் பாடம் நடத்துவது வஞ்சனை. ஆனால் விலையுயர்ந்த கருவிகளைக் குவிப்பதும் விவேகமன்று. வைகாசி தொடங்கிச் சோளகக் காற்று ஓயாது வீசும் இந்தத் தீவில், காற்றை அடக்கும் உறையோடு கூடிய நல்ல மைக் இரண்டு, பெரிய கமரா ஒன்றைக் காட்டிலும் அதிகப் பிரயோசனம் தரும். உப்புக் காற்றுப் பட்ட லென்சை அன்றன்றே துடைத்து வைக்கும் பழக்கத்துக்குப் பணமே தேவையில்லை. அருமையானது ஆசிரியரே. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஊடகக் கல்வி நடக்கிறது. அங்கே கற்று வெளியேறுகிறவர்களை வன்னிக்கும் மன்னாருக்கும் ஆசிரியராக நியமிக்க வழி செய்தால் இத்துறை ஐந்தாறு ஆண்டில் வேரூன்றிவிடும்.

இவ்வித்தை இன்றே தேவைப்படும் இடம் ஒன்றும் உண்டு. 2020இல் மன்னார்த் தீவின் தென்கரையில் 30 காற்றாடிகளோடு தம்பபவனி காற்றாலை இயங்கத் தொடங்கியது. மேலும் காற்றாலைகள் வருவதைப் பற்றியும் கரைமணலைத் தோண்டுவதைப் பற்றியும் ஊரில் விவாதம் நடந்துகொண்டிருக்கிறது. திட்டக்காரரிடம் அழகான விடியோக்கள் இருக்கின்றன. கரையிலுள்ளவர்களிடம் இருப்பவை, நடுங்கும் கையால் எடுக்கப்பட்டு, காற்றிரைச்சலில் பேச்சே கேளாமற்போன துண்டுகள். எந்தப் பக்கம் நியாயம் என்று தீர்ப்பதற்கு முன், இரு பக்கமும் தெளிவாகக் கேட்கப்பட வேண்டும் அல்லவா?

ஆகவே, வலயக் கல்விப் பணிப்பாளரும் அதிபர்மாரும் பெற்றோரும் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. ஒளிப்பதிவுத் தயாரிப்பைத் தனிப்பாடமாகக் கேட்டு வாங்குங்கள். வாங்கியபின், ஒன்பது பாடத்திலும் திறமைச் சித்தி பெற்ற மாணவி ஒருத்தி அந்தப் பிரிவில் சேர விண்ணப்பித்தால், "உனக்கென்ன பிள்ளை பைத்தியமா, இந்த றிசல்ற்ஸோடு விஞ்ஞானப் பிரிவுக்குப் போகாமல்?" என்று கேட்டு அவளைத் திருப்பி அனுப்பாதீர்கள்; அவளையும், மூன்று பாடத்தில் தவறிய பையனையும் ஒரே வகுப்பில், ஒரே கமராவின் பின்னால், ஒரே கண்டிப்போடு நிறுத்திப் படிப்பியுங்கள்.