குறி தவறினால் உடனே துப்பாக்கியைக் குறை சொல்லாதீர்கள்



அமெரிக்காவில் இருக்கும் நம் பழைய மாணவர் ஒருவர், மோசின்-நாகான் 91/30 என்ற பழைய ரஷ்ய ராணுவ ரைபிள் வாங்கியிருக்கிறார். 100 மீட்டரில் சுட்டால் குண்டு ஒரு சாண் இடப்பக்கம் தள்ளி விழுகிறதாம். "மலிவுச் சரக்கு சார், குழல் வளைந்திருக்கும், விற்றுவிடலாமா?" என்று கேட்டிருந்தார். வேண்டாம் தம்பி என்பதே என் கருத்து. பலருக்கும் பயன்படும் என்று காரணத்தை இங்கேயே எழுதுகிறேன்.

மலிவு வேறு, மட்டம் வேறு. 1891-ல் வந்து 1930-ல் திருத்தப்பட்ட ரைபிள் இது. கோடிக்கணக்கில் செய்து, போருக்குப் பின் கிரீஸ் பூசிப் பெட்டியில் அடுக்கி வைத்திருந்தார்கள். இருப்பு மிகுதியானதால் ஒரு காலத்தில் அமெரிக்கக் கடைகளில் 100 டாலருக்கும் கீழே விற்றது. இன்னொன்று, சோவியத் படையில் முனையில் பயனெட் மாட்டியபடியே இதற்குக் குறி சரிபார்த்தார்கள். பயனெட்டைக் கழற்றினால் குண்டு விழும் இடமும் மாறும். அது ரைபிளின் பழுது அல்ல.

என்.சி.சி.யில் இருந்தவர்களுக்கு நினைவிருக்கும். 25 கஜத்தில் படுத்துக்கொண்டு .22 ரைபிளில் 5 ரவுண்டு சுட்டதும் முதலில் பார்ப்பது மையத்தில் பட்டதா என்பதை அல்ல, க்ரூப்பிங்கை. ஐந்தும் நெருக்கமாக ஒரே இடத்தில் விழுந்தால் கையும் குழலும் நன்றாக இருக்கின்றன, சைட்தான் விலகியிருக்கிறது. சிதறி விழுந்தால் சைட்டைத் தொடவே கூடாது. கோளாறு வேறெங்கோ இருக்கிறது.

இந்த ரைபிளில் பக்கவாட்டுத் திருத்தம் முன் சைட்டில்தான். குண்டு எந்தப் பக்கம் விலகுகிறதோ அந்தப் பக்கமே முன் சைட்டை நகர்த்த வேண்டும். இடப்பக்கம் நகர்த்தினால், அதைப் பின் சைட்டோடு நேராக்க நாம் குழலின் முனையை வலப்பக்கம் திருப்புவோம். குண்டும் வலப்பக்கம் போகும். எவ்வளவு நகர்த்துவது? பத்தாம் வகுப்பு வடிவொத்த முக்கோணம் போதும். இரண்டு சைட்டுக்கும் இடையே சுமார் 62 செ.மீ. அப்படியென்றால் முன் சைட்டில் 1 மி.மீ. என்பது 100 மீட்டரில் சுமார் 16 செ.மீ. ஒரு சாணை, அதாவது 20 செ.மீ.யைச் சரிசெய்ய ஒன்றேகால் மி.மீ. போதும்!

முதலில் ரைபிள் காலியா என்று இரண்டு முறை பாருங்கள், போல்ட்டைக் கழற்றிவிடுங்கள். பழைய இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொண்டு, பித்தளைத் துண்டை வைத்து மெல்லத் தட்டுங்கள். மறுபடி 5 ரவுண்டு சுட்டுப் பாருங்கள். குண்டு மேலே போனால் முன் சைட்டின் உயரம் கூட வேண்டும்; மின்கம்பியின் மேலுறையில் ஒரு சிறு துண்டை அதன்மேல் செருகினாலே போதும். அரம் மட்டும் வேண்டாம். தேய்த்தால் குண்டு இன்னும் மேலே போகும், தேய்ந்த இரும்பும் திரும்ப வராது. வேலை முடிந்ததும் பூட்டி வையுங்கள், வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள்.

உங்களில் பலர் இன்று பெற்றோர், சிலர் ஆசிரியர். கணக்கில் ஒவ்வொரு முறையும் மைனஸ் குறியையே தவறவிடும் பிள்ளையை "மக்கு" என்கிறோம். அது நல்ல க்ரூப்பிங் அல்லவா? ஒன்றேகால் மி.மீ. திருத்தம் போதும். ஒரு நாள் எல்லாம் சரி, மறுநாள் எல்லாம் தப்பு என்று சிதறுகிற பிள்ளைக்கு டியூஷன் மருந்தல்ல. தூக்கமா, பசியா, பயமா என்று உட்கார்ந்து கேளுங்கள். ஒரே ஒரு மதிப்பெண் பட்டியலை வைத்து எந்தப் பிள்ளைக்கும் தீர்ப்பு எழுதாதீர்கள். ஒரு குண்டை வைத்துக் க்ரூப்பிங் பார்க்க முடியாது.