எல்லாத்தையும் சாம்பலாக்கிட்டா, எது சாம்பல்?

கொஞ்ச நாளா கடைப்பக்கம் தலைகாட்ட முடியல மக்களே. பகல்ல ஆபீஸ் ஆணி, ராத்திரியில ஆறு நிமிஷப் படம். ஆமாங்க, நாங்க மூணு பேர் சேர்ந்து ஒரு குட்டி அனிமேஷன் படம் பண்ணிக்கிட்டிருக்கோம். (சிரிக்காதீங்க. கவிதை எழுதறேன்னு சொன்னப்போ சிரிச்ச அதே ஆளுங்கதானே நீங்க :-))

கதை ரொம்பச் சின்னது. எண்ணூர் கழிமுகத்துல பனையோலைப் பறியைப் பல்லுல கவ்விக்கிட்டு, தண்ணிக்குள்ள கையால துழாவி இறால் பிடிக்கிற ஒரு ஆயா. கூடவே போற பேரன். விடியறதுலேர்ந்து பொழுது சாயற வரைக்கும் ஒரு நாள். அவ்ளோதான். கதையும் வசனமும் ஒருத்தன், உருவங்களை அசைக்கிறது ஒருத்தன், பேக்ரவுண்ட் வரையறது அடியேன். அந்தப் பேக்ரவுண்டை வச்சு நடந்த சண்டைதான் இந்தப் பதிவு.

முதல் சண்டை. குறும்பட விழாவுக்குப் படம் தேர்வு பண்ற ஒரு ஆள்கிட்ட (பேர் வேணாம், நல்ல மனுஷன்தான்) வரைஞ்சதைக் காட்டினோம். பார்த்துட்டு, "நல்லாருக்கு ப்ரோ, ஆனா கலர் ஜாஸ்தி. பார்த்தா நார்த் மெட்ராஸ் மாதிரியே இல்ல. கொஞ்சம் அழுக்கு ஏத்துங்க"ன்னார். அழுக்கு ஏத்தணுமாம். குழம்புல உப்பு ஏத்தற மாதிரி.

ரெண்டாவது சண்டை எங்களுக்குள்ளயே. கதை எழுதின நண்பன் ஒரே ராத்திரியில ஏஐ-கிட்ட சொல்லி நாப்பது பேக்ரவுண்ட் வாங்கிட்டு வந்துட்டான். எல்லாம் கிப்லி ஸ்டைல். 2025 மார்ச்ல ஊரே தன்னோட கல்யாண போட்டோவை கிப்லியா மாத்திப் போட்டுச்சே, அதே சமாச்சாரம். காசிமேடு மேல பஞ்சு பஞ்சா மேகம். எண்ணூர் கரையில பச்சைப் புல்வெளி. "மச்சி, நீ நாலு மாசத்துல பதினொண்ணு வரைஞ்சிருக்க, இது ஒரு ராத்திரி"ன்னான். கணக்கு சரிதான். அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. ஆனா அந்த நாப்பதுல ஒண்ணுகூட எண்ணூர் இல்ல.

ரெண்டு பேரும் எதிரெதிர் பக்கம் நிக்கிற மாதிரித் தெரியும். ஒருத்தர் அழுக்கா கேக்கறார், இன்னொருத்தன் அழகா கேக்கறான். நான் சொல்றது, ரெண்டும் ஒரே தப்பு. ரெண்டு பேருமே அந்த இடத்தைப் பார்க்கல. ஏற்கெனவே வேற எங்கயோ பார்த்த ஒரு படத்தைத்தான் பார்க்கறாங்க.

உத்தமன் வேஷம் போடறேன்னு நினைச்சுக்காதீங்க. முதல்ல அழுக்கு ஏத்தினதே நான்தான். ராயபுரத்துல பொறந்து வளர்ந்து, இப்போ ஓஎம்ஆர்ல குப்பை கொட்டறவன் நான். நாலு மாசம் முன்னாடி வரைஞ்ச முதல் செட் பூரா பழுப்பு. வானம் பழுப்பு, சுவர் பழுப்பு, தண்ணி பழுப்பு. மேல ஒரு பழுப்பு லேயரைப் போட்டு மொத்தத்தையும் மூடினா 'ஃபீல்' வந்துடுச்சுன்னு எனக்கே ஒரு பெருமை. வீட்டுக்குப் போனப்போ எங்க ஆயாகிட்ட காட்டினேன்.

"இது யாரு வூடு?"

"நம்ம வூடுதான் ஆயா."

"நம்ம வூட்ட நான் தெனம் கழுவி வுட்றேன். இன்னாத்துக்கு கண்ணு இப்டி அழுக்கா போட்டுக்கீற?"

பதில் வரல. அந்தப் பழுப்பு எங்க வீட்டுச் சுவத்துல இல்ல. வேலைக்குச் சேர்ந்த புதுசுல 'எந்த ஏரியா?'ன்னு கேட்டவங்க முகம் மாறினதைப் பார்த்துப் பார்த்து என் மண்டைக்குள்ள ஏறின கலர் அது.

படங்களைத் திட்டறேன்னு கிளம்பிடாதீங்க. 'மெட்ராஸ்' (2014) படத்துல ஒரு சுவர்தான் கதையே. அந்தச் சுவரை எடுத்துட்டா படம் இல்ல. 'வட சென்னை' (2018), 'சார்பட்டா பரம்பரை' (2021) ரெண்டுலயும் இடத்துக்காக உழைச்சிருக்காங்க. அதுங்களைப் பார்த்துட்டு, ஏரியாவுக்கு வராமலே மஞ்சள்-பழுப்பு ஃபில்டரை மட்டும் சுட்டுட்டுப் போறாங்க பாருங்க, அவங்களோடதான் என் தகராறு.

சரி, மேட்டருக்கு வருவோம். எண்ணூர்ல சாம்பல் கலர் இல்லையா? இருக்கு. நல்லாவே இருக்கு. ஆனா அது மூடு இல்லைங்க. அதுக்கு முகவரி இருக்கு. வட சென்னை அனல்மின் நிலையத்துல நிலக்கரி எரிச்ச சாம்பலைத் தண்ணியில கரைச்சு, குழாய் வழியா செப்பாக்கம் சாம்பல் குளத்துக்கு அனுப்பறாங்க. வழியில குழாய் ஒழுகி, வருஷக்கணக்கா அந்தச் சாம்பல் கழிமுகத்துல படிஞ்சிருக்கு. பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் போன விஷயம். அந்த இடத்துல சேறு கறுப்பா இருக்காது. வெளுத்த சாம்பலா, சிமென்ட் மாதிரி இருக்கும். நாலடி தள்ளி கண்டல் செடி நல்ல பச்சையா நிக்கும். அந்தப் பச்சை பக்கத்துல இருக்கறதாலதான் இந்தச் சாம்பல் கண்ணுல அறையுது.

இப்போ ஃபிரேம் மொத்தத்துக்கும் சாம்பல் ஃபில்டர் போடுங்க. என்ன ஆகும்? செடியும் சாம்பல், தண்ணியும் சாம்பல், ஆயா புடவையும் சாம்பல். குழாய்லேர்ந்து ஒழுகினது எதுன்னு யாருக்கும் தெரியாது. ஒழுகவிட்டவன் தப்பிச்சான். கிப்லி ஆக்கினாலும் அதே கதை. எல்லாம் பச்சை, அங்கயும் தப்பிச்சான். சாம்பல்ங்கறது இந்த ஊரோட பிறவிக் கலர்னு நீங்க வரைஞ்சு காட்டிட்டா, அப்புறம் யார் யாரைக் கேள்வி கேக்கறது?

இது ஒரு இடத்துக்கு மட்டும் இல்ல. ராயபுரத்தையே எடுத்துக்கோங்க. நான் சின்னப் பையனா இருந்தப்போ துறைமுகத்துல நிலக்கரியும் இரும்புத்தாதும் கையாளுவாங்க. மொட்டை மாடியில காயப்போட்ட வெள்ளைச் சட்டையில கறுப்புத் தூள் படியும், சில நாள் செம்மண் மாதிரி சிவப்புத் தூள். நீதிமன்ற உத்தரவால 2011-ல சென்னைத் துறைமுகத்துல அது ரெண்டையும் கையாள்றது நின்னுச்சு. நிலக்கரி எண்ணூர் துறைமுகத்துக்குப் போச்சு. அதாவது கறுப்பு கலர் வடக்கே வீடு மாத்திக்கிட்டுப் போச்சு. ராயபுரத்து மாடியை வரையறதுக்கு முன்னாடி, எந்த வருஷத்துக் கதைன்னு கேக்கணும். 2011-க்கு முன்னாடியா, பின்னாடியா? அதைக் கேக்காம ஏத்தற அழுக்கு பொய் அழுக்கு.

அடுத்து மணல். சென்னைன்னா எல்லாப் படத்துலயும் மெரினாவைக் காட்டுவாங்க. அகலமா, பொன் கலர்ல. இந்தக் கரையில கடலோட்டம் வருஷத்துல பெரும்பகுதி மணலைத் தெற்கேர்ந்து வடக்கே தள்ளிக்கிட்டுப் போகும். 1870-கள்ல ஆரம்பிச்சுக் கட்டின துறைமுகத்தோட அலைத் தடுப்புச் சுவர் அதை வழியில நிறுத்திடுச்சு. தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து கடற்கரை அகலமாச்சு. 1884-ல கிராண்ட் டஃப் அங்க உலாவ நடைபாதை போட்டு மெரினான்னு பேர் வச்சார். வடக்கே? வரவேண்டிய மணல் வராம ராயபுரத்துலேர்ந்து மேல கரை அரிச்சுக்கிட்டே போச்சு. அதான் இன்னிக்கு எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலை ஓரத்துல மணலுக்குப் பதிலா கருங்கல் குவியல். அந்தக் கல்லை வெறும் 'டெக்ஸ்சர்'னு நினைச்சு வரையாதீங்க. மெரினாவோட மணலும் அந்தக் கல்லும் ஒரே கணக்கோட வரவும் செலவும்.

இன்னும் ஒண்ணு. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல, மணலிப் பக்கமிருந்து வெள்ளத்தோட எண்ணெய் வந்துச்சு. பக்கிங்ஹாம் கால்வாய் வழியா கொசஸ்தலை ஆத்து முகத்துவாரம் வரைக்கும். கூழைக்கடா பறவைங்க எண்ணெயில முழுகி நின்ன போட்டோவைப் பார்த்திருப்பீங்க. தண்ணி வடிஞ்சப்புறம் எர்ணாவூர் பக்கம் வீட்டுச் சுவர்கள்ல வெள்ளம் நின்ன உயரத்துக்கு ஒரு கறுப்புக் கோடு. கோட்டுக்கு மேல சுவர் வெளிர் நீலம், ரோஸ், பச்சை. இதைப் பழுப்பு லேயர் போட்டு வரைஞ்சு பாருங்க. கோடு காணாமப் போயிடும். சாட்சியை நாமளே அழிச்ச மாதிரி.

வெளியூர்லேர்ந்து ஒரு உதாரணம். கிப்லி கிப்லின்னு உருகறோமே, அந்த கிப்லியோட இசாவோ தகாஹதா என்ன பண்ணார் தெரியுமா? ஒரு அனிமேஷன் படத்துக்கு இடம் பார்க்க யானகாவாங்கற கால்வாய் ஊருக்குப் போனார். போன இடத்துல, நாறிப்போன கால்வாய்களை மூடிடலாம்னு திட்டம் போட்டப்போ ஒரு நகராட்சி ஊழியர் எதிர்த்து நின்னதும், ஊர்மக்களே இறங்கித் தூர்வாரினதும் தெரிய வந்துச்சு. அனிமேஷனைத் தூக்கிப்போட்டுட்டு, அந்தக் கால்வாய்களைப் பத்தி ரெண்டே முக்கால் மணி நேர ஆவணப்படம் எடுத்தார். 1987-ல வந்துச்சு. மியாசாகி 'நாசிகா' படத்துல சம்பாதிச்ச பணம் அதுக்குப் போச்சு. பேக்ரவுண்ட் தேடிப் போனவருக்குக் கதையே பேக்ரவுண்ட்தான்னு ஆயிடுச்சு. கிப்லி ஸ்டைல்ங்கறது இதுதாங்க. போய்ப் பார்க்கறது. பஞ்சு மேகம் இல்ல.

நம்ம நாட்டுலயே கீதாஞ்சலி ராவ் 'பாம்பே ரோஸ்' (2019) பண்ணாங்க. ஃபிரேம் ஃபிரேமா கையால தீட்டின படம். அதுல வர்ற மும்பையில ஏழ்மை இருக்கு, நெரிசல் இருக்கு, சாவும் இருக்கு. கலரும் இருக்கு. கனவு வந்தா ஓவியப் பாணியே மாறும். யாரும் 'மும்பை மாதிரி இல்லையே'ன்னு கேக்கல.

"அப்போ கலரா காட்டிட்டா பிரச்சினையை மறைச்ச மாதிரி ஆகாதா?"ன்னு ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. பளிச்சுன்னு கலர் அடிங்கன்னு நான் சொல்லவே இல்ல. எங்க படத்துக்கு இப்போ ஒரே ஒரு விதி வச்சிருக்கேன். ஃபிரேம்ல எந்த அழுக்கு இருந்தாலும் அது எங்கேர்ந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கணும். தெரியலையா, வரையாதே. போய்ப் பார்த்துட்டு வந்து வரை.

இந்த விதியால நான் கத்துக்கிட்டது கொஞ்சநஞ்சம் இல்ல. உதாரணத்துக்கு, இடுப்பு ஒடுங்கின அந்தக் குண்டுக் கோபுரங்கள்லேர்ந்து குபுகுபுன்னு கரும்புகை வர்ற மாதிரி வரைஞ்சிருந்தேன். அது கூலிங் டவர் சாமி, வர்றது நீராவி. புகை வர்றது பக்கத்துல ஒல்லியா உயரமா நிக்கற புகைபோக்கியில. பழைய எண்ணூர் அனல்மின் நிலையத்தை 2017-லயே மூடியாச்சு, எங்க கதை அதுக்கப்புறம் நடக்குது, நான் அதுலயும் புகை விட்டிருந்தேன். படகு கலரும் அப்படித்தான். 2008 மும்பைத் தாக்குதலுக்கு அப்புறம் எந்த மாநிலப் படகுன்னு தூரத்துலேர்ந்தே தெரியறதுக்காக மாநிலத்துக்கு ஒரு கலர்னு கொண்டுவந்தாங்க. நம்ம இஷ்டத்துக்கு அடிச்சா, காசிமேட்டுப் பொடியன் 'அண்ணா, இது நம்மூர் போட்டே இல்ல'ன்னு சிரிப்பான். ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் தடைக்காலம், விசைப்படகெல்லாம் துறைமுகத்துலயே கட்டிக்கிடக்கும். அப்போ நடக்கற கதைன்னா பின்னாடி கடல்ல விசைப்படகு ஓடக்கூடாது.

இப்போ ஞாயித்துக்கிழமை விடியக்காலையில வண்டியை எடுத்துக்கிட்டுக் கிளம்பிடறேன். ஒரே இடத்தைக் காலை ஆறு, மதியம் பன்னெண்டு, சாயந்திரம் அஞ்சரைக்குன்னு மூணு தடவை வரையறேன். போன் கேமராவை நம்பறதில்ல, அது தன் இஷ்டத்துக்கு வானத்தை நீலமாக்கிடுது. ஒரு வெள்ளைப் பேப்பரை வெயில்ல பிடிச்சு, அதோட ஒப்பிட்டுத்தான் கலர் கலக்கறேன். சாயந்திரம் அஞ்சரைக்கு அந்தத் தண்ணி இருக்கே... சரி, அதைப் படத்துல பார்த்துக்கோங்க.

அந்த விழாக்காரர் கேட்ட மாதிரி மாத்தியிருந்தா ஒரு இடம் கிடைச்சிருக்கலாம். மாத்தல. நண்பன் கோச்சுக்கிட்டு ரெண்டு வாரம் பேசல. போன ஞாயிறு வண்டியில பின்னாடி உக்காந்துக்கிட்டு வந்தான். கரையில இறங்கி ரொம்ப நேரம் ஒண்ணும் பேசாம நின்னான். அப்புறம், "மூணாவது சீன்ல அந்தக் குழாய் வரணும்டா, நான் எழுதவே இல்லையே"ன்னான்.

பி.கு: ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர்க்கார மக்களே! வீட்டுல பழைய ஆல்பம் இருந்தா கொஞ்சம் தூசி தட்டிப் பாருங்க. ஆளுங்களை விடுங்க, பின்னாடி என்ன தெரியுதுன்னு பாருங்க. சுவர் என்ன கலர், கடல் எவ்ளோ தூரத்துல இருந்துச்சு, எந்த வருஷம்? பின்னூட்டத்துல ரெண்டு வரி போட்டாலும் போதும். இன்னும் இருபத்தொன்பது பேக்ரவுண்ட் பாக்கி இருக்கு எனக்கு.